வக்கீலய்யாவின் கோபமும் சாந்த லேகியமும்

போன மாதம் மருந்துக் கம்பெனிப் பிள்ளைகள் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கழுத்தில் டை, கையில் தோல்பை, கண்ணில் தூக்கமில்லாத களைப்பு. தென்காசி வட்டாரத்தில் புதிதாக ஒரு மாத்திரையை இறக்கியிருக்கிறார்களாம். மூலிகையும் வைட்டமினும் கலந்தது. மனுஷனுக்கு வரும் 'ஸ்ட்ரெஸ்'ஸைக் குறைக்குமாம். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி கவிழ்த்தது போல ஒரு சுரப்பி இருக்கிறதாம். அட்ரினல் என்று பெயராம். அதை இந்த மாத்திரை தட்டிக்கொடுத்துத் தூங்க வைக்குமாம். எல்லாவற்றையும் விளக்கிவிட்டு ஒரு பிள்ளை கேட்டது: "ஐயா, நீங்க மருந்து வித்த காலத்துல இந்த மாதிரி சரக்கெல்லாம் கெடையாதுல்லா?"

நான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. அதை மாட்டிக்கொண்டு சொன்னேன்: "மூலிகையும் உண்டு, வைட்டமினும் உண்டு, தொப்பி போட்ட சுரப்பியும் உண்டு. அந்தச் சுரப்பியால நான் கோர்ட்டுல போயி நின்னதும் உண்டு."

உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். போகும்போது, இதை எழுதி வைக்கச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் என் பெயரைக் குற்றாலலிங்கம் என்று எழுதியிருந்தார்கள். ஊர் வாயில் குத்தாலிங்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மீசை நன்றாக அடர்ந்த பிறகு, குற்றாலத்தில் பூதலிங்க வைத்தியரின் மருந்துசாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் ஊராகப் போய் மருந்து விற்கிற ஏஜெண்டு வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார். ஆனால் முதல் இரண்டு வருஷம் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், கிண்டினேன் என்பதுதான் பதில். தான் விற்கிற மருந்தைக் கிண்டத் தெரியாதவன் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது வைத்தியரின் கொள்கை.

மருந்தின் பெயர் சாந்த சர்வாங்க லேகியம். அமுக்கராக் கிழங்கைப் பசும்பாலில் அவித்து, சருகாகக் காயவைத்து, உரலில் இடித்து, மல்துணியில் சலிக்க வேண்டும். வல்லாரையும் தண்ணீர்விட்டான் கிழங்கும் தனித்தனியாகப் பொடியாகும். கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடித்து, வெண்கல உருளியில் பாகு காய்ச்ச வேண்டும். இரண்டு விரலில் தொட்டுப் பிரித்தால் கம்பி இழுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பொடியைத் தூவ வேண்டும். ஒரு கை தூவும், ஒரு கை கிண்டும், மூக்கு அரித்தால் சொறியக் கை கிடையாது. நெய்யை விட்டு விட்டுக் கிண்டி, உருளியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கிவிட வேண்டும். தேன் மட்டும் நன்றாக ஆறின பிறகுதான். சூட்டோடு தேனை விட்டவனை வைத்தியர் திட்ட மாட்டார். அழுதுவிடுவார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் பூதலிங்கம், ஆளும் பூதம் மாதிரிதான் இருப்பார். நிலைவாசலில் குனிந்துதான் நுழைவார். மீசை இரண்டு பக்கமும் காதைத் தொடப் பார்க்கும். ஆனால் குரல் கீச்சென்று இருக்கும், கை சதா நடுங்கும். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், போலீசுக்குப் பயம், நோயாளிக்கும் பயம். குற்றாலத்தில் குடியிருந்துகொண்டு குரங்குக்கும் பயம். அதனால் கடையில் எப்போதும் பின்வாசலுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். நாடி பிடிக்க நோயாளியின் கையைத் தொட்டதும் இரண்டு கையும் சேர்ந்து ஆடும். "துடிக்கது எங்கையா, உங்கையா அய்யா?" என்று அவரே கேட்பார். ஆனால் மருந்தில் ஏமாற்று கிடையாது. நெய் பசுநெய்தான், தேன் மலைத்தேன்தான். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அதற்கும் ஒருதரம் திடுக்கிட்டுவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

படபடப்பு, முன்கோபம், தூக்கமின்மை, உடம்பு உதறல் என்று வருகிற எல்லோருக்கும் இந்த லேகியம்தான். ஸ்ட்ரெஸ் என்ற சொல் அப்போது ஊருக்குள் வரவில்லை. அந்தச் சரக்கு மட்டும் தாராளமாக இருந்தது.

ஒரு சீசனில் தென்காசியிலிருந்து இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டர் ஒருவர் அருவியில் குளிக்க வந்தார். குளித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்துக்கொண்டே, சிறுநீரகத்துக்கு மேலே அட்ரினல் என்று ஒன்று இருக்கிறது, மனுஷன் கோபப்பட்டால் அதுதான் ஒரு சாற்றைப் பீய்ச்சி நெஞ்சை அடிக்க வைக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சிக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. "நம்ம லேகியம் அதத்தாம்லே அமத்துது! இத்தன வருசமா எதக் குணப்படுத்துதோம்னு தெரியாமலே குணப்படுத்திருக்கோம்!" என்றார்.

அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும் என்று தவம் கிடந்தார். கடைசியில் 'கோபக் கொட்டை' என்று வைத்தார். "சிறுநீரகத்தின் சிகரத்தில் வசிக்கும் கோபக் கொட்டையைச் சாந்தப்படுத்தும்" என்று டப்பாவில் புது லேபிள் ஒட்டினோம். கொட்டை என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு வேறு எதற்கோ என்று நினைத்து வாங்கிப் போனவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

இனி வக்கீலய்யா. தென்காசிக் கோர்ட்டில் ஆவுடையப்பன் என்று ஒரு வக்கீல் இருந்தார். அவர் எழுந்து நின்றால் கோர்ட்டுக் கூரையில் இருக்கும் புறாக்கள் தாமாகவே வெளியே போய்விடும். சட்டம் அவருக்கு எவ்வளவு தெரியும் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கேட்கும் தைரியம் எதிர்க்கட்சிக்கு இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கோபத்தைக் குறைக்காவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய மனைவி கோமதியம்மா அவரை வில்வண்டியில் ஏற்றி எங்கள் மருந்துசாலைக்குக் கூட்டி வந்தார்.

"எவம்வே இங்க வைத்தியன்?" என்று வண்டியிலிருந்தே ஒரு சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சியைக் காணோம். பின்வாசல் ஆடிக்கொண்டிருந்தது.

விறகுக் கட்டுக்குப் பின்னாலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் நாடியைப் பிடித்தார். கைகள் ஆடின.

"என்னவே, எங்கையப் புடிச்சு ஊஞ்சல் ஆட்டுதீரு?"

"இல்ல வக்கீலய்யா… நாடி… நாடி வேகமா இருக்கு."

"உம்ம நாடியா, எந்நாடியா?"

"ரெண்டும்தான் அய்யா," என்றார் அண்ணாச்சி உண்மையாக.

கோமதியம்மாதான் நடுவில் புகுந்தார். "நீங்க செத்த நேரம் வாய மூடுங்க. வைத்தியரே, வீட்டுல சட்டி பானை ஒண்ணு மிச்சமில்ல. சாம்பார்ல உப்பு கம்மின்னு செவுத்துல எறிஞ்சிருதாவ. இவுகளுக்கு அந்தக் கோபத்த எடுத்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

நெல்லிக்காய் அளவு லேகியம், காலையும் மாலையும், பாலோடு. புளி கூடாது, காரம் கூடாது, செய்தித்தாள் அறவே கூடாது. விடியக்காலம் அருவிக்குளி. இப்படி ஒரு மண்டலம். இதுதான் பத்தியம். ஊரில் ஒரு வீடெடுத்துத் தங்கினார்கள். தினமும் லேகியம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. முதல் வாரம் டப்பா என் தலைக்கு மேல் பறந்தது. அடுத்து, டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டார், திட்டு மட்டும் பறந்தது. பிறகு திட்டும் நின்றது. மண்டலம் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது வக்கீலய்யா என் தோளில் கைபோட்டு, "குத்தாலிங்கம், உனக்கு ரொம்ப செரமம் குடுத்துட்டேன் என்னடே?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோமதியம்மா அண்ணாச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணாச்சி பின்வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

சீசன் தொடங்கிச் சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கோமதியம்மா தனியாக வந்து இறங்கினார்.

"வைத்தியரே, எங்க வீட்டுக்காரகளுக்குக் கோபத்தத் திருப்பிக் குடுங்க."

அண்ணாச்சிக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"எங்க அண்ணனுக்கு இலஞ்சியில வயலு இருக்கு. இருக்கது அது ஒண்ணுதான். அத மேலக்காட்டு மிராசுதாரு தனக்குன்னு சொல்லி வழக்குப் போட்டிருக்கான். எங்க அண்ணனுக்கு வக்கீலு இவுகதான். நேத்து கோர்ட்டுல எதிர்க்கட்சி வக்கீலு எந்திரிச்சு, வயலு எங்க கட்சிக்காரருக்குத்தான் பாத்தியம்னு சொல்லுதான். இவுக எந்திரிச்சு என்ன சொன்னாவ தெரியுமா? 'அவரு சொல்லுததும் நியாயமாத்தான் படுது'ங்காவ! ஜட்ஜு பேனாவக் கீழ போட்டுட்டாராம்."

"அய்யய்யோ," என்றார் அண்ணாச்சி.

"வீட்டுக்கு வந்து ஏன் இப்படிச் செஞ்சியன்னு கேட்டேன். 'கோமதி, வயலு எங்கயும் போகாது, அங்கனதான் கெடக்கும். யாரு பேருல கெடந்தா என்ன'ங்காவ! எங்க மதினி தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. அவளுக்கும் ஆறுதல் சொல்லி ஒரு தம்ளர் மோரு குடுத்தாவ."

லேகியத்தை நிறுத்திப் பார்த்தாயிற்றா என்று கேட்டேன். ஊருக்குப் போன அன்றே நிறுத்தியாகிவிட்டது, ஆனாலும் போன கோபம் போனதுதான் என்றார். பிறகு எங்கள் உருளியைப் பார்த்தார்.

"ஆடி கடைசியில வாய்தா. அதுக்குள்ள அவுகளுக்குக் கோபம் வரலன்னா வயலு போயிரும். போச்சுன்னா எங்க அண்ணன் குடும்பத்த அப்படியே இங்கன கொண்டாந்து எறக்கிருவேன். இந்த உருளியிலதான் சோறு பொங்குவோம். சொல்லிட்டேன்."

அண்ணாச்சி உருளியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி தன்னிடமிருந்த ஏடுகளைப் புரட்டினார். கோபத்தைத் தணிக்க எத்தனையோ மருந்து இருந்தது, வரவழைக்க ஒன்றுகூட இல்லை. கேட்டு வந்தவன் இருந்தால்தானே முன்னோர் எழுதி வைப்பார்கள்! கடைசியில் மிளகு, சுக்கு, காந்தாரி மிளகாய் மூன்றையும் போட்டு ஒரு கஷாயம் இறக்கினார். நான் அதை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போனேன். வக்கீலய்யா குடித்தார். கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. துடைத்துக்கொண்டு, "கண்ணுக்கு ரொம்ப நல்லதுடே" என்றார்.

அட்ரினல் கதை சொன்ன அந்தத் தென்காசி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். சென்னையிலிருந்து வைட்டமின் என்ற பெயரில் மாத்திரைகள் வரத் தொடங்கியிருந்த நேரம் அது. தளர்ந்து கிடப்பவனை நிமிர்த்தும் என்று ஒரு புட்டி கொடுத்தார். வக்கீலய்யா நிமிரத்தான் செய்தார். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார், கன்னம் உப்பியது, முகத்தில் ஒரு பொலிவு வந்தது. முன்னைவிட அதிகமாகச் சிரித்தார். கோமதியம்மா அந்தப் புட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டார்.

மருந்து பலிக்காத இடத்தில் மனுஷன்தான் இறங்க வேண்டும் என்று அண்ணாச்சி என்னை வக்கீலய்யா வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டார். கோமதியம்மாவின் அனுமதியோடு காப்பியில் உப்பைப் போட்டேன். "இதுவும் ஒரு ருசிதான்," என்றார். ஜோடிச் செருப்பில் ஒன்றை ஒளித்து வைத்தேன். ஒற்றைச் செருப்போடு கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்தார். கடைசியாக, அவருடைய சாய்வு நாற்காலியில் நான் படுத்து, இரண்டு காலையும் கைப்பிடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, அவர் வரும்போது எழுந்திருக்காமல் கிடந்தேன். அவர் வந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். தலையணை ஒன்றை எடுத்து வந்து என் கழுத்துக்குக் கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டார். கதவுக்குப் பின்னால் கோமதியம்மா அழும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் அந்த வீட்டில் இருக்க எனக்கு மனம் வரவில்லை. குற்றாலத்துக்கே திரும்பிவிட்டேன்.

கடையில் அச்சாபீஸிலிருந்து ஒரு கட்டு நோட்டீசு வந்து கிடந்தது. வக்கீலய்யா சாதுவான புதிதில் அண்ணாச்சி சந்தோஷத்தில் எழுதி அச்சுக்குக் கொடுத்தது. "சீசன் கூட்டம் போயிரும்லே, ஐந்தருவியில கொண்டு போயிக் குடு," என்றார். போனேன்.

அருவியில் குளிப்பவர்களுக்கு நோட்டீசு கொடுப்பது போல ஒரு வீண்வேலை உலகத்தில் இல்லை. எவனுக்கும் சட்டைப்பை கிடையாது, சட்டையே கிடையாது. உடம்பெல்லாம் எண்ணெய். வாங்கிப் பாறைமேல் வைப்பார்கள், காற்று அடிக்கும், தண்ணீரில் போகும். அப்படி நோட்டீசுகள் மிதந்துகொண்டிருந்த நேரத்தில்தான் வக்கீலய்யா ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அருவிக்குள் வந்தார். குளிர்ந்த தண்ணீர் தலையில் அடித்தாலாவது பழைய புத்தி திரும்புமா என்று கோமதியம்மா கூட்டி வந்திருக்கிறார். அந்தம்மா பெண்கள் பக்கம் போயிருந்தார்.

வக்கீலய்யாவுக்குப் பின்னால் கடையநல்லூர் ஜவுளி வியாபாரி ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். தாட்டியான ஆள், நல்ல குரல். "அய்யா, அசையாம நில்லுங்க. உங்க முதுகுல என்னமோ எழுதி ஒட்டியிருக்கு," என்றார்.

"அப்படியா? படிங்க, படிங்க," என்று வக்கீலய்யா முதுகை வாகாகக் காட்டினார்.

தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே வியாபாரி உரக்கப் படித்தார்: "தென்காசி நீதிமன்றத்தில் சிங்கம்போல் கர்ஜித்துத் தூண்களையும் நடுங்கச் செய்த வக்கீல் ஒருவர், நமது சாந்த சர்வாங்க லேகியத்தை ஒரு மண்டலம் உட்கொண்டு, இப்போது பசுவினும் சாதுவாகி, யார் எதைக் கேட்டாலும் தலையாட்டி வருகிறார்!" படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "யாரு அய்யா அந்த மாடு?"

நான் பாறைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வக்கீலய்யாவின் காது சிவந்தது. பிறகு கழுத்து. பிறகு மார்பு ஒருதரம் ஏறி இறங்கியது.

"எவம்லே மாடு? நானாலே மாடு?"

அன்றைக்கு ஐந்தருவியில் ஆறாவதாக ஓர் அருவி விழுந்தது. மரத்திலிருந்த குரங்குகள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மலையேறின. வியாபாரி தண்ணீருக்குள் முங்கிவிட்டார். நான் மட்டும் நோட்டீசுக் கட்டோடு நின்றேன். வக்கீலய்யாவின் பார்வை அந்தக் கட்டின்மேல் விழுந்தது. கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். இடுப்புத் துண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவர் துரத்தினார். சோளக்கதிர்க்காரி, பழக்கடைக்காரன், அல்வாக் கடைக்காரன் எல்லாரும் வழிவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஈரச்சேலையோடு கோமதியம்மா ஓடி வந்து கத்தினார்:

"குத்தாலிங்கம், நிக்காம ஓடு! நின்னா ஆறிப்போயிரும்!"

இலஞ்சி தாண்டும் வரை ஓடினேன்.

ஆடிக் கடைசி வாய்தாவுக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். வக்கீலய்யா எழுந்தார். புறாக்கள் வெளியே போயின. எதிர்க்கட்சி வக்கீலுக்குத் தான் எந்தக் கட்சி என்பதே மறந்துவிட்டது. வயல் அண்ணனுக்கே தீர்ப்பானது. கோமதியம்மா எங்களுக்கு ஒரு தார் வாழைப்பழம் அனுப்பினார். அண்ணாச்சி முதல் பழத்தை உரித்துக்கொண்டிருக்கும்போது கோர்ட்டு அமீனா சம்மனோடு வந்து நின்றார்.

மானநஷ்ட வழக்கு. பசு என்று எழுதியதற்காக அண்ணாச்சி முதல் பிரதிவாதி. அதைப் பரப்பியதற்காக நான் இரண்டாம் பிரதிவாதி. அண்ணாச்சி பழத்தைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனவர், செங்கோட்டையில்தான் நின்றார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். வெள்ளைக்காரன் சம்மன் எல்லை தாண்டாது என்பது அவர் கணக்கு. ஆனால் அந்த அமீனாவுக்குச் சொந்த ஊரே செங்கோட்டைதான். மறுநாள் காலையில் சந்தையில் இவரைப் பார்த்து, "வைத்தியரய்யா, இங்கனயா இருக்கிய? நல்லதாப் போச்சு, நம்ம வீட்டுக்கு ஒரு நட வாங்க," என்று கும்பிட்டாராம். போதாததற்கு, இவர் தங்கியிருந்த வீட்டுக்காரர் மலையாளத்தில் சுகமா என்று விசாரித்தால்கூட இவருக்கு அதட்டுகிற மாதிரியே கேட்டதாம். தாமாகவே திரும்பி வந்துவிட்டார்.

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கில் தோற்றால் மருந்துசாலையைப் பூட்ட வேண்டியதுதான். இடிக்கிற பெண்கள், கிண்டுகிற ஆட்கள், நான், எல்லோரும் தெருவில் நிற்க வேண்டும். அந்த ஆவணியில் எனக்குக் கடையத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோர்ட்டில் நிற்கிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்று மாமனார் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். தீர்ப்பைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகக் கோர்ட்டுக்கே வந்து முன்வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

வக்கீலய்யா தன் வழக்கைத் தானே நடத்தினார். அண்ணாச்சி கூண்டில் ஏறினார். அவர் நடுங்கிய நடுக்கத்தில் கூண்டின் கம்பி கிலுகிலுவென்று ஆடியது.

"நோட்டீசுல எழுதினது மெய்யா, பொய்யா? ஒத்த வார்த்தையில சொல்லும்!"

மெய் என்றால் வக்கீலய்யாவைக் கோர்ட்டிலேயே மாடு என்று சொன்னதாகும். பொய் என்றால் லேகியம் பொய்யாகும். அண்ணாச்சி பின்வாசல் எங்கே என்று தேடினார். கூண்டுக்குப் பின்வாசல் கிடையாது.

"எசமான்," என்று ஜட்ஜைப் பார்த்தார். "வக்கீலய்யா அப்பம் பசு. இப்பம் புலி. ரெண்டும் மெய்யி."

"பாத்தீங்களா! மறுபடியும் பசுங்கான்!" என்று வக்கீலய்யா மேசையில் குத்தினார். மைக்கூடு உருண்டது.

ஜட்ஜ் வெளியூர்க்காரர், அமைதியானவர். மேசையில் சாட்சிப் பொருளாக இருந்த லேகிய டப்பாவை எடுத்துப் படித்துப் பார்த்தார். "வைத்தியரே, இது நடுக்கத்தையும் பயத்தையும் போக்கும் என்று அச்சிட்டிருக்கிறீர். உமக்கே இப்படி நடுங்குகிறதே, நீர் இதைச் சாப்பிடுவதில்லையா?"

"இல்ல எசமான்."

"ஒரு தடவைகூட?"

"இல்ல எசமான்."

"ஏன்?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "மருந்துன்னா எனக்குப் பயம் எசமான்."

அதுவரை எனக்கே தெரியாது. வக்கீலய்யாகூட ஓங்கின கையை ஓங்கியபடியே நின்றார்.

ஜட்ஜ் டப்பாவைத் திறந்து நீட்டினார். "சாப்பிடும். நான் பார்க்க வேண்டும்."

அண்ணாச்சி ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்தார். குற்றாலநாதரைக் கூப்பிட்டார், குழல்வாய்மொழி அம்மனைக் கூப்பிட்டார், கண்ணை இறுக மூடி வாயில் போட்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். மென்றார். நிறுத்தினார். மறுபடியும் மென்றார். நெற்றி சுருங்கியது. கண்ணைத் திறந்து ஜட்ஜைப் பார்க்காமல், வக்கீலைப் பார்க்காமல், என்னைப் பார்த்தார்.

"ஏலே குத்தாலிங்கம், கருப்பட்டி தூக்கலா இருக்கே! யாருலே இந்தப் பாகு காச்சினது?"

முதலில் ஜட்ஜின் தோள் குலுங்கியது. அப்புறம் டவாலிச் சேவகன், குமாஸ்தாக்கள், என் மாமனார். கடைசியாக வக்கீலய்யா. அந்தக் கோர்ட்டில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிக்கும்போதும் இடி மாதிரிதான் இருந்தது. மிச்சமிருந்த புறாக்களும் போய்விட்டன. அண்ணாச்சியின் கை நடுக்கம் அப்போது நின்றிருந்தது. அது மருந்தின் குணமா, அல்லது நாங்கள் செய்த வேலையில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்ட தெம்பா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று ஜட்ஜ் அனுப்பிவிட்டார். மரத்தடியில் வக்கீலய்யா அண்ணாச்சியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "கோபம் திரும்பினதுல இருந்து தூக்கம் இல்லவே. நெஞ்சும் பழையபடி அடிக்கி. அந்தச் சவத்து லேகியத்தக் கொஞ்சம் குடும்."

தீர்ப்புச் சொன்னது கோமதியம்மாதான். "நோட்டீச எல்லாம் எரிச்சிரணும். பசுங்கிற பேச்சே வரக்கூடாது. லேகியம், கோர்ட்டு இருக்க நாள்ல காலம்பற கெடையாது. சாயங்காலம் வீட்டுக்குள்ள வந்ததும் ஒரு உருண்டை. கோர்ட்டு லீவுல ரெண்டு வேளையும்."

"சாஸ்திரத்துல அப்படி இல்லையே அம்மா," என்று அண்ணாச்சி இழுத்தார்.

"சாஸ்திரம் எழுதினவன் வக்கீலுக்கு வாக்கப்பட்டிருக்கானா?"

வழக்கு வாபசானது. ஆவணியில் என் கல்யாணமும் நடந்தது. பிறகு யுத்தம் வந்தது. மாத்திரைகள் பெருகின. நானும் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றின் வைட்டமின் மாத்திரைக்கு ஏஜெண்டாகி, அந்த வேலையில்தான் ஓய்வு பெற்றேன். ஆனால் அண்ணாச்சியின் மருந்துசாலை இருந்தவரை, தென்காசிப் பக்கம் போகும்போதெல்லாம் வக்கீலய்யா வீட்டுக்கு லேகிய டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் கையில்தான் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அப்படிப் போனேன். வக்கீலய்யா எனக்கு முன்னால்தான் கோர்ட்டிலிருந்து வந்து நுழைந்திருந்தார். "கோமதி! எங்கட்டி லேகியம்? ஒரு மனுசன் வந்து எம்புட்டு நேரம் நிக்குதான்!" என்று வீடே அதிர்ந்தது. வளையல் சத்தம் கேட்டது. உருண்டையை மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு அதே வாயிலிருந்து, "கோமதி, அந்தப் பூனை பசியா இருக்கு பாரு, செத்தப் பால் ஊத்தேன்" என்று ஒரு குரல் பஞ்சுபோல வந்தது.

கோமதியம்மா வாசலுக்கு வந்தார். நான் டப்பாவை நீட்டி, "மருந்து நல்லா வேலை செய்யுது போலயே அம்மா," என்றேன்.

அவர் உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவுககிட்ட சொல்லிராத. புளியமரத்தடியில பேசினதுக்கு அப்புறம் அவுகளுக்கு லேகியமே குடுக்கல. உளுந்த மாவுல கொஞ்சம் நெய்யும் சர்க்கரையும் போட்டு உருட்டிக் குடுக்கேன்."

"அப்பம் இத்தன வருசமா நான் கொண்டாந்த டப்பாவெல்லாம்?"

"நாந்தான் தின்னுதேன்," என்று டப்பாவை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "இந்த மனுசனோட குடித்தனம் பண்ண வேண்டாமா?"